இடம் இருக்கு, ஏன் தயக்கம்?



காரைக்குடி செக்காலை ரோட்டுக்குக் காரில் கடைக்குப் போறீங்க. ரோட்டோரம் நிற்கிற ரெண்டு காருக்கு நடுவில் உங்க வண்டி தாராளமா நிற்க இடம் இருக்கு. ஆனா நீங்க அங்கே நிறுத்துறதில்லை. ரெண்டு தெரு தள்ளி நிறுத்திட்டு வெயிலில் நடந்து வர்றீங்க. சரிதானே?

நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருநாள் துணிஞ்சு ரிவர்ஸ் எடுத்தேன். பாதியிலேயே பின்னால் ஹாரன். டீக்கடை வாசலில் நின்ன நாலு பேரும் ஆளுக்கொரு யோசனை: "ஒடிங்க ஒடிங்க", "வாங்க வாங்க", "அய்யய்யோ, நிப்பாட்டுங்க!" வியர்த்துப்போய் வண்டியை நேராக்கிக் கிளம்பிட்டேன். அன்னைக்குத்தான் புரிஞ்சது. எனக்கு அந்த இடத்தைப் பார்த்துப் பயமில்லை, பார்க்கிற ஆட்களைப் பார்த்துத்தான் பயம்.

இந்தத் தயக்கம் நம்மோடு முடிவதில்லை. ஓரமா விட வராதவர், நிற்கிற வண்டிக்குப் பக்கத்திலேயே ரெண்டாவது வரிசையாக நிறுத்திட்டுப் போயிடுறார். அந்த வழியில் 108 ஆம்புலன்ஸ் வந்தால் என்ன ஆகும்? மற்றவருக்கு இடையூறாக வண்டியை நிறுத்துவதை மோட்டார் வாகனச் சட்டம் 122-வது பிரிவும் தடுக்கிறது.

குறுகிய இடத்துக்குள் ரிவர்ஸில் வண்டியைக் கொண்டுபோவது, 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ஓட்டுநர் தேர்விலேயே உள்ள விஷயம்தான். நாம் தேர்வுக்காகப் பழகினோம், தெருவுக்காகப் பழகவில்லை. அவ்வளவுதான் குறை.

முறை எளிது. உங்க காரைப்போல் ஒன்றரை மடங்கு நீளமுள்ள இடமா பாருங்க. இடது இண்டிகேட்டர் போடுங்க. முன்னால் நிற்கும் காருக்கு இணையாக, ரெண்டடி தள்ளி நிறுத்துங்க. ரெண்டு காரின் பின்பக்கமும் ஒரே நேரில் இருக்கட்டும். கண்ணாடியிலும் திரும்பிப் பார்த்தும் ஆள், டூவீலர் வரலைன்னு உறுதி செய்யுங்க. ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுசா ஒடித்து மெதுவா பின்னால் வாங்க. வண்டி பாதிச் சாய்வுக்கு வந்ததும் ஸ்டியரிங்கை நேராக்கி இன்னும் கொஞ்சம் வாங்க. உங்க முன்பக்கம் அந்தக் காரின் பின்பக்கத்தைத் தாண்டியதும் வலப்பக்கம் முழுசா ஒடிங்க. வண்டி ஓரத்தில் படிஞ்சிடும். சரியா வரலையா? வெளியே எடுத்து மறுபடி விடுங்க. அதில் வெட்கம் எதுக்கு?

காலையில் ஒரு காலி மைதானத்தில், ரெண்டு காருக்குப் பதிலா நாலு பிளாஸ்டிக் குடம் வச்சுப் பழகுங்க. குடம் சாய்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பிறகு நம்ம ஊர்ப் பெரிய வீடுகளின் நீண்ட பக்கச் சுவர் ஓரமா, ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், யார் வாசலையும் மறிக்காமல் முயன்று பாருங்க. எல்எல்ஆர் மட்டும் வச்சிருந்தால் எல் போர்டும், லைசென்ஸ் உள்ள பயிற்சியாளரும் கட்டாயம்.

இனிதான் லைசென்ஸ் எடுக்கணுமா? parivahan தளத்தில் போனிலேயே விண்ணப்பிக்கலாம். எல்எல்ஆர் வாங்கி 30 நாள் கழித்துத் தேர்வுக்குப் போகலாம். தவறிவிட்டாலும் 7 நாள் கழித்து மறுபடி வாய்ப்பு உண்டு.

கடைசியா, பின்னால் காத்திருக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்னால் ஒருத்தர் வண்டியை ஓரமா விட முயற்சி செய்தால் ஹாரன் அடிக்காதீங்க. அரை நிமிஷம் பொறுங்க. அந்த அரை நிமிஷத்தில் அவருக்கு ஒரு நம்பிக்கை வந்துடும்.