மேற்படி

வானொலியில் ஓர் எழுத்தை எழுதிக் காட்ட முடியாதே! பேனா பக்கத்தில் இருந்தால் 'ஷ' எழுதி, முடிவில் ஒரு சுழிப்பு சேருங்கள். ஏறக்குறைய அதுதான் ௸. 'மேற்படி' என்று வாசிக்க வேண்டும்.

பத்திரம் எழுதுவது என் தொழில். கிரயப் பத்திரத்தில் ஊர், வட்டம், சர்வே எண், எழுதிக் கொடுப்பவர் பெயர் எல்லாம் திரும்பத் திரும்ப வரும். முத்திரைத்தாளில் இடம் கொஞ்சம். அதனால் ஒருமுறை முழுதாக எழுதிவிட்டு, பிறகு ௸ ஊர், ௸ நிலம், ௸யார் என்று ஒரே இழுப்பில் முடித்துவிடுவோம்.

ஒரு தம்பி தாத்தாவின் பத்திர நகலோடு வந்தார். முகமெல்லாம் கவலை. "ஐயா, இதுல ஷெ முத்தையான்னு இருக்கு. எங்க தாத்தாவுக்கு அந்த இனிஷியல் கிடையாது. வேற ஆளா?" மூலத்திலிருந்த ௸ஐ, நகலெடுத்தவர் 'ஷெ' என்று தட்டிவிட்டார். பல பத்திரங்களில் இப்படித்தான் 'ஷெ', 'ஷை' என்று நிற்கும். "இனிஷியல் இல்லப்பா, மேலே சொன்ன அதே முத்தையா" என்றேன். அவர் விட்ட பெருமூச்சு இன்னும் காதில் இருக்கிறது.

கவனியுங்கள், இந்தக் குறி கண்ணை மேலே அனுப்புகிறது. மேலே ஒரே நிலம் இருந்தால் சரி. நஞ்சையும் புஞ்சையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு, 'கிணற்றுப் பாத்தியம் ௸ நிலத்துக்கு' என்றால் எந்த நிலத்துக்கு? அண்ணன் தம்பி இருவர் இதற்காகவே கோர்ட்டு ஏறியதைப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு, இரண்டு நிலம் வரும் இடத்தில் நான் ௸ போட்டதே இல்லை. கை வலித்தாலும் சர்வே எண்ணை முழுதாக எழுதிவிடுவேன்.

நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷ என்று இதற்குக் கூடப்பிறந்தவை உண்டு. நேரம் போதவில்லை. 2003-இல் வந்த யூனிகோடு 4.0 பதிப்பு இவற்றையும் ௸ஐயும் சேர்த்துக்கொண்டது. கணினியிலும் இப்போது எழுதலாம்.

உங்கள் வீட்டுத் தாய்ப்பத்திரத்தை இன்றிரவு எடுத்துப் பாருங்களேன். ௸ தென்பட்டால், விரலை அங்கேயே வைத்துக்கொண்டு மேல் வரிகளைத் தேடுங்கள். உங்கள் பாட்டனார் பெயர் அங்கே முழுதாக இருக்கட்டும்.