எந்த வீட்டில் முதுமை?

(கொடுமுடியில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஈரோடு மாவட்டத்தில் நின்று பேசும்போது பெரியாரிடமிருந்தே தொடங்கலாம். மூத்திரச் சட்டியைச் சுமந்துகொண்டு 94 வயதுவரை ஊர் ஊராகப் பேசினார் என்கிறோம். அதை மன உறுதி என்று மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். அந்த உறுதியோடு ஒரு வேன் இருந்தது, சக்கர நாற்காலி இருந்தது, மணியம்மையாரின் உழைப்பு இருந்தது. கருவியும் கையும் சேர்ந்தால்தான் ஓர் உடல் தன் விருப்பப்படி முதுமையை வாழ முடியும்.

இன்று இந்தக் கேள்வி போலியோ தலைமுறையின் முன் நிற்கிறது. 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடானது. ஆனால் அறுபது, எழுபதுகளில் குழந்தைகளாக இருந்து பாதிக்கப்பட்டவர்களுக்கு இப்போது முதுமை வருகிறது. இத்தனை காலம் ஊன்றுகோலைத் தாங்கிய தோள் தேய்கிறது. பல பத்தாண்டுகள் கழித்துத் தசைகள் மீண்டும் தளர்வதும் உண்டு.

கருவிகள் இல்லாமல் இல்லை. உட்கார்ந்தவரை நிற்கவைக்கும் 'அரைஸ்' நாற்காலியைச் சென்னை ஐஐடி 2019இல் வெளியிட்டது. நாற்காலியோடு பூட்டிச் சாலையில் ஓட்டும் 'நியோபோல்ட்' மோட்டாரும் அங்கே உருவானதுதான்.

ஆனால் ஒரு கணக்குப் போடுவோம். ஓரடி உயரம் ஏற 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும். வாசற்படி இரண்டடி என்றால் 24 அடி. தோட்டத்து வீட்டுக்குக் களம் இருக்கிறது. காலனியில் படி இறங்கினால் தெரு. நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும். அங்கே கழிப்பறையே அவ்வளவு அகலமில்லை. அரசின் கனவு இல்லத் திட்டத்தில் முழு வீடே 360 சதுர அடிதான். யாருக்கு எவ்வளவு நிலம் என்று சாதி முடிவுசெய்த ஊரில், நாற்காலி எந்த வீட்டுக்குள் நுழையும் என்பதையும் சாதிதான் முடிவுசெய்கிறது.

ஆள் உதவியும் அப்படித்தான். வீட்டுப் பெண் கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும். போய்விட்டால், படுத்திருப்பவரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆளில்லை.

இது இரக்கம் காட்டும் விஷயமல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 5ஆம் பிரிவில், சமூகத்தோடு வாழும் உரிமையைச் சொல்கிறது. தனி உதவியாளர் உட்பட, வீட்டிலேயே கிடைக்க வேண்டிய சேவைகளையும் சொல்கிறது.

நாற்காலி வழங்கும் விழாவில் கைதட்டுவது எளிது. காலனிக்கு மனை அளக்கும்போதே சாய்தளத்துக்கு இடம், அகலமான கதவு, நாற்காலி திரும்பும் கழிப்பறை, அரசு ஊதியத்தில் உதவியாளர்: இவற்றை அடுத்த கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவருவோம்.