இலவசப் படிப்பின் 120 மணித்தியாலம்

(எங்கள் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சிட்னியிலும் மெல்பேணிலும் எங்கட ஆக்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவகை விளம்பரம் வந்துகொண்டே இருக்கும். சமூக நலன், பராமரிப்புத் துறையில் படியுங்கள், ஒன்லைனில் படிக்கலாம், கட்டணம் இல்லை, முடித்தவுடன் வேலை என்று. நீங்கள் வாசிக்காமலே தள்ளிவிட்டிருப்பீர்கள். உங்கட அம்மாவோ மாமியோ போன வருசம் இங்க வந்த மச்சாளோ அப்படித் தள்ளிவிடமாட்டினம். பிள்ளைகள் படுத்த பிறகு ஆறுதலாக வாசிப்பம் என்று வைச்சிருப்பினம்.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்தப் படிப்பு நல்லதொரு கதவு. ஆனால் அது இலவசம் இல்லை. அதன் விலையை யார், எங்கே கட்டினம் என்று நாங்கள் கணக்குப் பார்க்க வேணும்.

முதலில், இந்த வேலைக்கு ஏன் இவ்வளவு ஆள் தேவை? 2018 அக்டோபரில் முதியோர் பராமரிப்பு பற்றி அரச விசாரணை ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. 2019இல் வந்த அதன் இடைக்கால அறிக்கைக்கு வைத்த பெயரே 'புறக்கணிப்பு'. 2021 மார்ச்சில் வெளியான இறுதி அறிக்கையில் 148 பரிந்துரைகள். அதன் தொடர்ச்சியாக, முதியோர் இல்லங்களில் சராசரியாக ஒருவருக்கு ஒரு நாளில் 200 நிமிட நேரடிப் பராமரிப்புக் கிடைக்க வேணும் என்று 2023 அக்டோபரில் சட்டம் வந்தது. அடுத்த வருசம் அது 215 நிமிடம் ஆனது. நல்லது. ஆனால் நிமிடங்கள் தானாக வராது. குனிய ஒரு முதுகு வேணும், தூக்க இரண்டு கை வேணும். அந்த முதுகும் கையும் பெரும்பாலும் பெண்களுடையவை. அவர்களில் பலர் புலம்பெயர்ந்து வந்தவர்கள்.

அவர்கள் உள்ளே வரும் வழி, பெரும்பாலும், 'சேர்ட்டிபிக்கேட் த்ரீ இன் இன்டிவிஜுவல் சப்போர்ட்' என்ற படிப்பு. 15 பாடங்கள். மறதி நோயுள்ளவர்களைப் பராமரிப்பது, உடல் எப்படி இயங்குகிறது, வேலையிடப் பாதுகாப்பு, சட்டமும் நெறிமுறையும் எல்லாம் அதற்குள் வரும். பிறகு சமூக சேவைகளில் டிப்ளோமா செய்யலாம், அதிலிருந்து பல்கலைக்கழகத்தில் சமூக நலன் அல்லது சமூகப் பணி படிக்கலாம். 2023 முதல் சமஷ்டி அரசும் மாநில அரசுகளும் சேர்ந்து டேஃப் கல்லூரிகளில் கட்டணமில்லா இடங்கள் தருகின்றன. பாடங்களின் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே படிக்கலாம்.

எங்களைப் போன்ற இடதுசாரிகளுக்கு இதைக் கேட்டதும் ஒரு சந்தேகம் வரும். மலிவு உழைப்பை மலிவாகத் தயாரிக்கிற வழிதானே இது? அதில் உண்மை இருக்கு. ஆனால் பகலில் துப்புரவு வேலை, பின்னேரம் சமையல், இரவு ஒன்பதுக்குப் பிறகுதான் தனக்கென்று நேரம் என்று வாழுற ஒருத்திக்கு, வளாகத்துக்கு வா என்று சொல்லுற படிப்பு மூடின கதவுதான். ஒன்லைன் வகுப்பைக் கேலி செய்வது எங்களுக்குச் சுகம். அவளுக்கு அது மட்டும்தான் இருக்கு.

இனிக் கணக்குக்கு வருவம்.

இந்தச் சான்றிதழுக்குக் குறைந்தது 120 மணித்தியாலம் நேரடி வேலைப் பயிற்சி செய்ய வேணும். பிளேஸ்மென்ட் என்று சொல்லுவினம். அது தேவைதான். ஒரு மனிசரைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றுவதைத் திரையில் பழக ஏலாது. பிரச்சினை, வழக்கமாக அந்த 120 மணித்தியாலத்துக்குச் சம்பளம் கிடையாது. 2025 ஜூலையில் இந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டொலர் ஆனது. 120 ஆல் பெருக்கினால் 2,994 டொலர். முழுநேரமாகச் செய்தால் மூன்று கிழமை. அந்த மூன்று கிழமையும் அவள் தன் மற்ற வேலையை விட வேணும். கஷுவல் என்றால் அந்த ஷிப்ட் திரும்பக் கிடைக்குமா என்பதே நிச்சயமில்லை. பிள்ளையைப் பார்க்க ஆள் வேணும், பயிற்சியிடத்துக்குப் போக வர பெற்றோல் வேணும். கட்டணமில்லாப் படிப்பின் விலை இதுதான். கல்லூரியின் கட்டணப் பட்டியலில் அது வராது.

அரசுக்கு இது விளங்காமல் இல்லை. 2025 ஜூலை 1 முதல் ஆசிரியர், தாதியர், மருத்துவிச்சி, சமூகப் பணி மாணவர்களுக்குக் கட்டாயப் பயிற்சிக் காலத்தில் கிழமைக்கு 330 டொலருக்குச் சற்று மேல் கொடுக்கத் தொடங்கினார்கள். வருமான வரம்பு உண்டு, ஆனாலும் வெற்றிதான். சமூகப் பணிப் பட்டத்துக்கு 1,000 மணித்தியாலப் பயிற்சி; அந்த மாணவர்கள் வருசக்கணக்காகக் கேட்டுப் போராடினார்கள். ஆனால் சேர்ட்டிபிக்கேட் த்ரீ படிப்பவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஏணியின் ஆகக் கீழ்ப்படியில் நிற்கிறவளுக்கு ஒரு சதமும் இல்லை.

அந்தப் படியில் கால் வைக்கவே முடியாதவர்களும் இருக்கினம். மாணவர் விசாவில் வந்தவர்கள் முழுக்க ஒன்லைனில் படிக்க விதி இடம் கொடுக்காது. 2012, 2013இல் படகில் வந்து இன்னும் பிரிட்ஜிங் விசாவில் இருக்கிற எங்கட உறவுகளில் சிலரின் விசாவில் படிக்கக்கூடாது என்பதே நிபந்தனை. பத்து வருசத்துக்கு மேல் இங்கே உழைத்தவருக்கு ஒரு வகுப்பில் பெயர் பதிய உரிமை இல்லை. பராமரிப்புப் பற்றிக் கதைக்கும்போது விசா பற்றிக் கதைக்காமல் விட ஏலாது.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. தொழிற்கல்வியைக் கண்காணிக்கும் 'ஆஸ்க்வா' 2024 இறுதியிலிருந்து பல தனியார் நிறுவனங்களை மூடி, அவை கொடுத்த ஆயிரக்கணக்கான சான்றிதழ்களை ரத்துச் செய்தது. பராமரிப்புத் துறைச் சான்றிதழ்களும் அதில் அடக்கம். ஒழுங்காகப் படிக்காமலே பத்திரம் விற்ற இடங்களை மூடத்தான் வேணும், பராமரிக்கப்படும் முதியவரின் பாதுகாப்பு அது. ஆனால் உண்மையாகப் படித்தவரும் திரும்ப நிரூபிக்க வேண்டியதாயிற்று. அவர்களிடம் வாங்கின காசு எங்கே?

அடுத்தது, எங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு உழைப்பு. மறதி நோய் வந்த முதியவர்களில் பலர் பிற்காலத்தில் பழகின ஆங்கிலத்தை முதலில் இழக்கினம். கடைசியில் மிஞ்சுவது தமிழ். முதியோர் இல்லத்தில் ஒரு ஐயா "தண்ணி" என்று கேட்டால் யாரைக் கூப்பிடுவினம்? வேற பகுதியில் வேலை செய்யுற எங்கட மச்சாளை. அவள் ஓடிப்போய் மொழிபெயர்த்து, ஆறுதல் சொல்லி, திரும்பி வந்து தன் வேலையையும் முடிக்க வேணும். நியூ சவுத் வேல்ஸ் அரச ஊழியர்களுக்குச் சமூக மொழிக் கொடுப்பனவு என்று ஒன்று உண்டு. முதியோர் பராமரிப்பு அவார்டில் அப்படி ஒன்றில்லை. அருவருப்பான துணி கையாளுவதற்குக்கூட மணிக்குச் சில சதம் நீண்டகாலம் எழுதி வைத்திருந்தார்கள். தமிழுக்கு இல்லை. எங்கட மொழி அங்கே திறமையாக எண்ணப்படுவதில்லை, இயல்பான நல்ல குணமாக எண்ணப்படுகிறது. பெண்களின் உழைப்பைக் கூலியில்லாமல் எடுக்கிற பழைய வழி இதுதான்.

மாற்ற முடியுமா? முடியும், ஆதாரம் இருக்கு. 2020 நவம்பரில் சுகாதாரச் சேவைத் தொழிற்சங்கம் சம்பள உயர்வு கேட்டு ஃபெயார் வேர்க் ஆணைக்குழுவுக்குப் போனது. மற்றச் சங்கங்களும் சேர்ந்தன. வேலை செய்கிறவர்களே சாட்சி சொன்னார்கள். 2022 நவம்பரில் முதற்கட்டமாக 15 வீத உயர்வு தீர்மானமாகி, அடுத்த ஜூன் கடைசியில் நடைமுறைக்கு வந்தது. 2024 மார்ச்சில் இன்னும் உயர்வு. பெண்களின் வேலை என்பதால் இது காலங்காலமாகக் குறைத்து மதிக்கப்பட்டது என்று ஆணைக்குழுவே ஏற்றுக்கொண்டது. இதை யாரும் தானமாகத் தரவில்லை.

ஆகவே நாங்கள் செய்யக்கூடியது நான்கு.

ஒன்று, பதியும் முன் கேட்க வேண்டிய கேள்விகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் அடிப்பம். நிறுவனம் அரச பதிவேட்டில் இருக்கா? பிளேஸ்மென்ட் இடத்தை அவர்கள் தேடித் தருவார்களா, நாங்களே தேட வேணுமா? எவ்வளவு தூரம்? இடையில் நிறுத்தினால் என்ன நடக்கும்?

இரண்டு, கிழமையில் ஒரு நாள் நூலகத்தில் ஒரு மேசை. அசைன்மென்ட்டை நாங்கள் எழுதிக் கொடுக்கிறதில்லை. கேள்வி என்ன கேட்குது என்று தமிழில் விளங்கப்படுத்துவம். வாசிப்பு வட்டத்தில் சில்வியா ஃபெடரிச்சியை வாசிக்கிறம். மாமிக்குப் பக்கத்தில் இருந்து பாடம் ஏழைப் பார்ப்பதும் அதே அரசியல்தான்.

மூன்று, பிளேஸ்மென்ட் நடக்கிற மூன்று கிழமைக்குப் பிள்ளை பார்க்க முறை போடுவம், பெற்றோலுக்கு ஒரு சின்ன நிதி சேர்ப்பம். இது தற்காலிகம். அரசு கட்ட வேண்டியதை நாங்கள் என்றைக்கும் கட்டிக்கொண்டிருக்க ஏலாது.

நான்கு, அதனால்தான் இரண்டு கோரிக்கை: பயிற்சிக் கொடுப்பனவைச் சேர்ட்டிபிக்கேட் த்ரீக்கும் விரி, மொழிக்குக் கொடுப்பனவு கொடு. இவற்றைச் சங்கங்களுக்குள் கொண்டுபோக வேணும். முதல் ஷிப்டுக்கு முதலே சங்கத்தில் சேர் என்று மச்சாளுக்கு யாராவது சொல்ல வேணும். அதை அவளுக்கு விளங்குற மொழியில் சொல்லக்கூடியவர்கள் இந்த அறையில் இருக்கிறோம்.

நூலக மேசைக்கு இப்போதைக்கு இரண்டு பேர் வேணும், வியாழன் பின்னேரம். கூட்டம் முடிய என்னிடம் பெயர் தாங்கோ.