புதுப் படகு சின்னது, பழைய படகு பெரியது
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தொழில்நுட்ப வளர்ச்சியும் இளைஞர்களும்" என்பது மாதிரி ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டிருந்தார். அதைப் பேச என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இந்த மேடையிலேயே நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் படகு வாங்கப் போன கதையைச் சொல்கிறேன். சிரிக்காதீர்கள். இதில் மெக்கானிக்கல் இருக்கிறது, சிவில் கொஞ்சம் இருக்கிறது, நம் ஒர்க்‌ஷாப்பும் வருகிறது.

நான் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில் ஊரில் வேலை பார்க்கிறேன். காரில் ஒரு மணி நேரத்துக்குள் கன்டர்ஸ்வில் ஏரி. ஏரி என்று பெயரே தவிர, டென்னசி ஆற்றை மறித்து டி.வி.ஏ. நிறுவனம் 1939-ல் கட்டி முடித்த அணையின் நீர்த்தேக்கம் அது. பரப்பு ஏறக்குறைய 69,000 ஏக்கர், நீளம் சுமார் 75 மைல். நம் நாட்டு தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் 1948-ல் இந்த டி.வி.ஏ.வை முன்மாதிரியாக வைத்துத்தான் அமைந்தது; சிவில் நண்பர்கள் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள்.

அந்தத் தண்ணீர் பாஸ் என்ற மீனுக்குப் பேர்போனது. சுபாவத்தில் அப்படியே நம்ம ஊர் விரால். பாசிக்குள் அசையாமல் கிடக்கும், இரை பக்கத்தில் வந்ததும் ஒரே பாய்ச்சல். சின்ன வயதில் கண்மாய்க்கரையில் உட்கார்ந்து விராலுக்குத் தூண்டில் போட்ட கை சும்மா இருக்குமா? (விராலை உயிரோடு அங்கே கொண்டுபோகலாம் என்று மட்டும் யாரும் நினைத்துவிடாதீர்கள். 2002-லேயே அந்தக் குடும்பத்து மீன் எல்லாவற்றையும் தீங்கு செய்யும் உயிரினம் என்று பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.)

பாஸ் பிடிப்பதற்கென்றே அங்கே தனி வகைப் படகு உண்டு. பக்கச் சுவர் தாழ்வாக இருக்கும். முன்னும் பின்னும் நின்றுகொண்டு தூண்டில் வீச மேடை. பின்னால் தொங்கும் பெரிய அவுட்போர்டு எஞ்சின். முன்னால் சத்தமில்லாமல் நகர ஒரு மின்மோட்டார். பிடித்த மீனை உயிரோடு வைக்கக் காற்றூட்டும் தொட்டி. ரே ஸ்காட் என்று ஒரு அலபாமாக்காரர், இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தவர், 1967-ல் பாஸ் மீன்பிடிப் போட்டி நடத்த ஆரம்பித்தார். பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விடவேண்டும் என்ற வழக்கத்தை 1972-ல் போட்டிக்குள் கொண்டுவந்தவரும் அவரே. இப்போது அந்தத் தொட்டி இல்லாத பாஸ் படகே கிடையாது.

2022 மார்ச்சில் என் முன்னால் இரண்டு படகுகள் இருந்தன. ஒன்று கடையில் நிற்கும் புதுசு. அலுமினியம், 17 அடி, 90 ஹெச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். இன்னொன்று ஒரு வீட்டு வாசலில் நிற்கும் பழசு. ஃபைபர்கிளாஸ், 20 அடி, 2005-ல் செய்தது, 225 ஹெச்.பி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின். விலை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே.

மனசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்லவேண்டியதில்லை. பழைய படகு கருஞ்சிவப்பில் பளபளவென்று மணிக்கு 70 மைல் போகக்கூடியது. ஆனால் நான் எஞ்சினியர் ஆச்சே, மனசு சொன்னதை அப்படியே கேட்கலாமா? கம்ப்யூட்டரில் ஒரு அட்டவணை போட்டேன். விலை, எரிபொருள், இழுத்துப்போகும் வசதி, அலை தாங்கும் திறன், ரிப்பேர் என்று ஒன்பது தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு. கூட்டிப் பார்த்தால் சின்னப் படகு ஜெயித்தது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அலை தாங்கும் திறனுக்குப் பத்து போட்டது குறைச்சல் என்று தோன்றியது, பதினைந்து ஆக்கினேன். பெரிய படகு ஜெயித்தது.

என் மனைவியும் இந்தக் கல்லூரிதான், இ.சி.இ. காப்பியோடு வந்தவள் திரையைப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது நேத்து பத்தா இருந்துச்சே?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நியாயமாகச் சொன்னால் அந்தப் பதினைந்துக்கும் ஒரு காரணம் உண்டு. திறந்த நீர்ப்பரப்பில் காற்று தடையில்லாமல் எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அவ்வளவுக்கு அலை உயரும். கன்டர்ஸ்வில் அணைப்பக்கம் தண்ணீர் விரிந்து கிடக்கிறது. சரக்குப் பார்ஜ்கள் வேறு போய்வரும், அவை கிளப்பும் அலை தனி. எழும்புவது குட்டை அலை, ஆனால் நெருக்கமாக வரும். 20 அடிப் படகு இரண்டு முகடுகளின் மேல் படுத்துப் போய்விடும் இடத்தில் 17 அடிப் படகு பள்ளத்தில் இறங்கி, அடுத்த அலையில் மூக்கைக் குத்தும். மகளை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு இது சும்மா கணக்கு இல்லை.

எதிர்ப்பக்கத்துக் கணக்கும் இருந்தது. என் கார் 3,500 பவுண்டு இழுக்கும். சின்னப் படகு டிரெய்லரோடு ஒரு டன். பெரியது இரண்டு டன்னை ஒட்டி வரும். அதாவது படகோடு கூட ஒரு பிக்கப் டிரக்கும் வாங்கவேண்டும். முழு வேகத்தில் பெட்ரோல் எஞ்சின் குடிப்பதற்கு அங்கே ஒரு வாய்க்கணக்கு சொல்வார்கள்: ஹெச்.பி.யைப் பத்தால் வகுத்தால் மணிக்கு அத்தனை காலன். 225-க்கு 22 காலனுக்கு மேல், நம் கணக்கில் 85 லிட்டர். கராஜில் சின்னது டிரெய்லர் மூக்கை மடக்கினால் அங்குலக் கணக்கில் உள்ளே போகும். பெரியதை வாடகைக்கு வெளியே நிறுத்தவேண்டும். இதெல்லாம் தெரிந்தும் பழைய படகைப் பார்க்கப் போனேன் என்றால் ஆசை யாரை விட்டது?

விற்கிறவர் ஓய்வுபெற்ற மனிதர். கண்ணியமானவர், ஒன்றையும் மறைக்கவில்லை. எஞ்சினின் ஆறு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் பார்த்தேன். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தது. கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தேன், பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். சுத்தமாக இருந்தது. டிரெய்லர் டயரில் கடைசி நான்கு இலக்கம் செய்த வாரமும் வருஷமும். 2213 என்று இருந்தது, 2013-ம் வருஷம் 22-வது வாரம். ஒன்பது வயசான டயர். அது மாற்றக்கூடிய சாமான்தான். எஞ்சினை அணைக்கும் கயிறு ஒன்று உண்டு. ஓட்டுகிறவர் மேல் மாட்டிக்கொள்ளவேண்டும், அவர் தண்ணீரில் விழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். 26 அடிக்குக் குறைந்த படகுகள் வேகமாகப் போகையில் அதை மாட்டியே ஆகவேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் அங்கே சட்டம். இந்தப் படகில் கயிற்றைக் காணோம், அந்த இடத்தில் ஒரு கிளிப்பை நிரந்தரமாகச் செருகி வைத்திருந்தார். எனக்கு முதல் உறுத்தல் அங்கேதான்.

அப்புறம் பின்சுவர். அங்கே டிரான்சம் என்பார்கள். எஞ்சின் தொங்குவது அதில்தான். இந்த எஞ்சின் சுமார் 225 கிலோ, சுவரை விட்டு வெளியே தள்ளி நிற்கிறது. ஓடும்போது தள்ளுவிசை, ஒவ்வொரு அலைக்கும் ஒரு உதறல், ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு குலுக்கல், எல்லாம் அந்தச் சுவருக்கே. பல பழைய ஃபைபர்கிளாஸ் படகுகளில் வெளியே தெரிவது தோல் மட்டும். உள்ளே பிளைவுட். எப்போதோ எவரோ ஒரு ஸ்க்ரூ முடுக்கிவிட்டு அந்த ஓட்டையைச் சரியாக அடைக்காமல் விட்டால் போதும். தண்ணீர் உள்ளே போய் வருஷக்கணக்காக மரத்தை ஊறவைக்கும். வெளியே பாலிஷ் பளபளவென்று இருக்கும்.

இந்த இடத்தில் நம் ஒர்க்‌ஷாப் வாத்தியார் வருகிறார். இங்கே இருக்கும் பாதிப்பேருக்கு நினைவிருக்கும்: கிரைண்டிங் வீலை மாட்டும் முன் விரலில் தொங்கவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டச் சொல்வார். நல்ல வீல் மணி மாதிரி ஒலிக்கும். விரிசல் விழுந்தது செத்த சத்தம் கொடுக்கும். நமக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும். "கேட்டுச்சாடா? கேக்கலைன்னா இன்னொரு தடவை தட்டு" என்பார். கேட்கிறவரை விடமாட்டார்.

சின்னச் சுத்தியல் ஒன்று கொண்டுபோயிருந்தேன். மேலிருந்து கீழே வரிவரியாகத் தட்டினேன். டங், டங், டங். வலது பக்கம் கீழே, சோனார் கருவியை ஸ்க்ரூ போட்டு மாட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் பொத் என்றது. இன்னொரு தடவை தட்டினேன். பொத். உள்ளங்கை இரண்டு அகலத்துக்கு அதே சத்தம். எஞ்சினைப் பாதி தூக்கி நிறுத்தி, அடிமுனையில் என் எடையைக் கொடுத்து அழுத்தினேன். சுவர் லேசாக, தலைமுடி அளவுக்கு, அசைந்தது.

எனக்கு வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. ஆனால் அவரிடம் என்ன சொல்வது? "யோசித்துச் சொல்கிறேன்" என்று கைகுலுக்கிவிட்டு வந்திருக்கலாம். அதைச் சொல்ல வாயைத் திறந்தும் விட்டேன். அதற்குள் அவர், சாயங்காலம் இன்னொருத்தர் ரொக்கத்தோடு வருகிறார், உங்களுக்கு வேண்டுமானால் இப்போதே சொல்லுங்கள் என்றார். வெறும் சுத்தியல் சத்தத்தை நம்பி ஒரு மனிதனின் சொத்து மதிப்பில் ஆயிரக்கணக்கான டாலரைக் குறைக்க எனக்கு என்ன உரிமை என்று ஒரு பக்கம். 70 மைல் வேகத்தில் அந்த எஞ்சின் பிய்த்துக்கொண்டு போனால் என்று ஒரு பக்கம். சொல்லிவிட்டேன்.

அவருக்குக் கோபம் வந்தது. பதினேழு வருஷமாக ஒரு பிரச்சினையும் இல்லை என்றார். நான் சுத்தியலை அவர் கையில் கொடுத்தேன். அவரே தட்டினார். நல்ல இடத்தில் இரண்டு, அந்த இடத்தில் இரண்டு. மறுபடியும் அந்த இடத்தில் ஒன்று. பிறகு வெகுநேரம் பேசவில்லை. கடைசியில் ஆறாயிரம் டாலர் குறைத்துக்கொள்கிறேன், எடுத்துக்கொள்கிறீர்களா என்றார். சாயங்காலம் வருகிறவரிடமும் இதைச் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

ஆறாயிரம்! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பின்சுவரை நானே அறுத்துக் கட்டுவது எப்படி என்று மனசுக்குள் டிராயிங் போட்டேன். மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "கராஜ் கதவு ரிமோட்டுக்கு பேட்டரி மாத்த உங்களுக்கு ஆறு மாசம் ஆச்சு." புதுசு, சின்னதையே வாங்கினோம். அந்த அட்டவணையை அதற்கப்புறம் நான் திறக்கவில்லை.

சின்னப் படகில் சுகமும் உண்டு, சங்கடமும் உண்டு. ஆபீஸ் முடிந்து அரைமணியில் கிளம்பிவிடலாம். பாசி மண்டிய ஓடைகளுக்குள் முழங்கால் ஆழத் தண்ணீரிலும் போகும். ஆனால் காற்று எழுந்துவிட்டால் அகன்ற தண்ணீருக்குள் போவதில்லை. முதல் வருஷமே மூன்று முறை பாதியில் திரும்பியிருக்கிறேன். அதில் ஒரு தடவை திரும்பியது கொஞ்சம் லேட். நனையாத இடம் உடம்பில் இல்லை. இதை மனைவி இன்றைக்குத்தான் கேட்கிறாள்.

2023 மே மாதம் ஒரு சனிக்கிழமை, ஏரியில் படகு இறக்கும் சாய்தளத்தில் வரிசையில் நின்றிருந்தேன். பக்கத்தில் மகள். எங்களுக்கு முன்னால் அதே கருஞ்சிவப்புப் படகு. முப்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர், லைஃப் ஜாக்கெட் போட்ட இரண்டு பையன்கள். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. அவர் சொன்னாரா, சொல்லவில்லையா? காரை விட்டு இறங்கிப் போய், தயங்கித் தயங்கி, இந்தப் படகின் பின்சுவரைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சுத்தியல்காரர் நீங்கள்தானா?" என்றார்.

வெல்டராம். விஷயம் தெரிந்தே, இன்னும் விலை குறைத்து வாங்கியிருக்கிறார். குளிர்காலம் முழுக்க செயின் பிளாக்கில் எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டு, பின்சுவரை அறுத்துத் திறந்தாராம். உள்ளே இருந்த பிளைவுட்டைக் கரண்டியால் வாரினேன் என்றார். மரமே இல்லாத புது நடுப்பலகை வைத்து, கண்ணாடி இழைத்துணியும் ரெசினும் அடுக்கடுக்காகப் போட்டு மூடியிருக்கிறார். ஒவ்வொரு போல்ட் ஓட்டையையும் தானே அடைத்ததாகச் சொன்னார். அணைக்கும் கயிறு புதுசாக, சிவப்பாக, அவர் இடுப்பில் தொங்கியது. தட்டிப் பாருங்கள் என்றார். என்னிடம் அன்று சுத்தியல் இல்லை. காரிலிருந்த ஸ்பானரின் பிளாஸ்டிக் பிடியால் தட்டினேன். டங் என்றது. இன்னொரு தடவை தட்டிவிட்டே வந்தேன்.

அன்று தெற்கிலிருந்து நல்ல காற்று. அவர் பையன்களை உட்காரவைத்துக்கொண்டு அகன்ற தண்ணீருக்குள் நேராகப் போனார். அலை மேல் அலையாக அந்தப் படகு படுத்துக்கொண்டு போவதை நாங்கள் கரையிலிருந்தே பார்த்தோம்.

"அப்பா, நாம ஏன் அங்க போகலை?" என்றாள் மகள்.

"நம்ம படகு சின்னதும்மா" என்றேன். ஓடைப்பக்கம் திருப்பினோம். அவளுக்கு இரண்டு பாஸ் மாட்டியது, தொட்டியில் கொஞ்ச நேரம் வைத்து வேடிக்கை பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். எனக்கு அன்று ஒன்றும் மாட்டவில்லை.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாப்பாடு தயாராம்.