பலகை வரலாம், நாற்காலி போகக்கூடாதாம்!

(தாம்பரத்தில் தச்சுத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

தோழர்களே!

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பர்மாத் தேக்குக் கதவு ஒன்று கிடைத்தால், நம்மவர் அதைத் தடவிப் பார்க்காமல் நகரமாட்டார்கள். அந்தத் தேக்குக்காக ஒரு நாடே பறிபோன கதை உங்களுக்குத் தெரியுமா? 1885-ல் பம்பாய்-பர்மா கம்பெனி மரக்கணக்கில் மோசடி செய்தது என்று பர்மிய மன்னரின் சர்க்கார் அபராதம் விதித்தது. அதையே சாக்காக வைத்து வெள்ளையன் படையெடுத்தான். ஆம், மரவியாபாரத்துக்கும் பீரங்கிக்கும் உறவு பழசு!

பிற்காலத்தில் அதே நாடு 2014 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அதன்பின் மரவாடிகளில் எந்தெந்த நாட்டு மரமோ வந்து இறங்குகிறது. இப்போது அமெரிக்கப் பலகையும் வருகிறது: ஓக், ஆஷ், மேப்பிள், வால்நட் என்று பெயர்கள்.

ஏன் நம்மைத் தேடி வருகிறார்கள்? நம் மேல் திடீர்ப் பாசமா? இல்லை. அமெரிக்கா ஏற்றுமதி செய்த கடின மரப் பலகையில் ஏறத்தாழப் பாதியைச் சீனா வாங்கி வந்தது. 2018-ல் வாஷிங்டன் வரிச் சண்டையைத் தொடங்கியது; சீனா பதில் வரி போட்டது. 2025 மார்ச்சில் பூச்சி இருக்கிறது என்று சொல்லி அமெரிக்க உருட்டு மரத்தையே சீனா நிறுத்தியது; நவம்பரில்தான் மறுபடி அனுமதித்தது. இந்தச் சண்டையில் அடிபட்டவர் யார்? கிழக்கு அமெரிக்காவில் ரம்ப மில்கள் மூடப்பட்டு வேலையிழந்தவர்களும் நம்மைப்போல் மரத்தூள் சுவாசித்தவர்கள்தான். அவர்கள் மீது நமக்குக் கோபமில்லை.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். பலகையை நம்மிடம் விற்க வரும் அதே நாடு, 2025 அக்டோபர் 14 முதல் வெளிநாட்டிலிருந்து வரும் மெத்தை வைத்த மரச்சாமான்களுக்கும் சமையலறை அலமாரிகளுக்கும் 25 சதவீத வரி போட்டது. அவன் மரம் இங்கே வரலாம்; நம் கைவேலை அங்கே போகக்கூடாது! வெள்ளையன் காலத்துப் பருத்திக் கதை ஞாபகம் வருகிறதா?

சரி, மரம் வந்துவிட்டது. நாம் ஏமாறாமல் இருக்கவேண்டும். நாம் கன அடியில் கணக்குப் பார்ப்பவர்கள். அமெரிக்கப் பலகைக்கு 'போர்டு அடி' கணக்கு. 12 போர்டு அடி சேர்ந்தால்தான் ஒரு கன அடி. சொன்ன விலையை 12-ஆல் பெருக்கிப் பாருங்கள், 'மலிவு' எங்கே போகிறதென்று தெரியும். தரமும் அப்படியே. 'எஃப்.ஏ.எஸ்.' என்றால் பலகையில் குறைந்தது 83 சதவீதம் பழுதில்லாமல் இருக்கவேண்டும். 'நம்பர் 1 காமன்' என்றால் 66 சதவீதம் போதும். இரண்டாவதை முதலாவதின் விலைக்குத் தலையில் கட்டினால் கழிவு யார் கணக்கில் விழும்? கூலி பேசிய ஆசாரி கணக்கில்தான்.

ரெட் ஓக் துண்டின் ஒரு முனையைத் தண்ணீரில் முக்கி மறுமுனையில் ஊதினால் குமிழி வரும். அவ்வளவு திறந்த துளைகள். அதை வாசல் நிலைக்குப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மழையும் கரையானும் விடாது. வொயிட் ஓக்கின் துளைகள் அடைபட்டவை, அது வேறு. இரண்டுக்கும் 'ஓக்' என்று ஒரே பெயரில் பில் போடுகிறவர்களும் உண்டு!

மேலும் இந்தப் பலகை சூளையில் உலர்ந்து வருகிறது. ஈரம் 6 முதல் 8 சதவீதம். ஐப்பசி மழையில் நம் ஊர்க்காற்றுப் பட்டால் உப்பும். பட்டறையில் சில நாள் அடுக்கி வைக்காமல் கதவு செய்தால் மூடாது. அப்போது வீட்டுக்காரர் திட்டுவது வாஷிங்டனையா? இழைப்புளி பிடித்தவனைத்தான். பாக்கிக் கூலியையும் பிடித்துக்கொள்வார்.

ஆகவே இன்றைக்கே ஒரு முடிவு செய்வோம். மரத்தின் ரகம், தரம், போர்டு அடி மூன்றும் எழுதிய பில் இல்லாமல் எந்த வேலையும் ஏற்பதில்லை. மரத்தை ஆறவைக்கும் நாட்களையும் கூலி பேசும்போதே சேர்த்துப் பேசுவோம். சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள்.