கழுவெளியும் ஓர் அமானிதமே

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஜமாஅத் கூட்டத்தில் சதுப்பு நிலத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். கோபாலபுரத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் திருமணத்திற்குப் பின் சொந்த வீடு தேடி எங்கே செல்கிறார்கள்? வேளச்சேரி, மேடவாக்கம், பெரும்பாக்கம் என்று தெற்கு நோக்கித்தானே! அவர்கள் வாங்கும் மனை எந்த நிலத்தின் மேல் நிற்கிறது என்பது நம் குடும்பக் கவலையும் ஆகும்.

அப்பகுதியின் நடுவே இருப்பது பள்ளிக்கரணைக் கழுவெளி. மழைநீரும் கடலின் உவர்நீரும் கலக்கும் தாழ்நிலத்தை நம் முன்னோர் கழுவெளி என்றனர். சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் இங்கு வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. பெருமழையை வாங்கி வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாக வெளிவிடுவதே இதன் பணி. இறால், மீன் குஞ்சுகள் இங்கு வளர்கின்றன. பூநாரை போன்ற பறவைகள் தொலைவிலிருந்து வந்து இரை தேடுகின்றன.

ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரவியிருந்ததாக மதிப்பிடப்படும் இந்நிலத்தின் பெரும்பகுதி இன்று இல்லை. பயனற்ற நிலம் என்று கருதியதே முதற்காரணம். சாலைகளும் கட்டடங்களும் எழுந்தன. பெருங்குடியில் குப்பைமேடு வளர்ந்தது. 2015 டிசம்பர் பெருவெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நீரில் மூழ்கின. இடம் பறிக்கப்பட்ட நீர், தன் பழைய இடத்தைத் தேடி வீட்டுக்குள் வந்தது.

2007-இல் 317 ஹெக்டேர் பரப்பு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. ஈரானின் ராம்சர் நகரில் 1971-இல் உருவான சதுப்பு நில உடன்படிக்கையின் பட்டியலில், ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் பரப்புடன் பள்ளிக்கரணை 2022-இல் இடம்பெற்றது. ஆயினும் எல்லைக்கு வெளியே நீர்வழி அடைபட்டால், எல்லைக்குள் இருக்கும் நிலமும் பிழைக்காது. ஆகவேதான் அறிவிப்போடு நில்லாமல் திட்டமிடல் வேண்டும்.

சகோதரர்களே! பொது நிலத்தைத் திட்டமிட்டுக் காப்பது நமக்குப் புதிதன்று. மதீனாவைச் சுற்றிய பகுதியில் மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள். பொது நன்மைக்காக ஒதுக்கப்பட்ட நிலத்திற்கு 'ஹிமா' என்று பெயர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஹிமாவின் பொறுப்பாளரிடம், சில ஆடுகளும் ஒட்டகங்களும் மட்டுமே உடைய ஏழைகளை உள்ளே அனுமதிக்கும்படி கட்டளையிட்டார்கள். நிலத்தைக் காப்பதும் எளியோரைக் காப்பதும் அங்கு ஒன்றாகவே நடந்தன. இங்கும் வெள்ளத்தில் முதலில் அனைத்தையும் இழப்பவர் தரைத்தளத்திலும் குடிசையிலும் வாழும் ஏழைகளே.

சீரழிந்த நிலம் திரும்பாது என்று மனம் தளர வேண்டியதில்லை. நமக்கு அருகிலேயே சான்று உண்டு. கட்டட இடிபாடுகளும் கழிவுநீரும் நிறைந்திருந்த அடையாற்று உப்பங்கழியின் 58 ஏக்கர் சீரமைக்கப்பட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. கடல்நீர் ஏறி இறங்கும் அவ்விடத்தில் அலையாத்திச் செடிகள் நடப்பட்டன. பள்ளி மாணவர்களுக்கு அங்கே சூழலியல் கல்வியும் அளிக்கப்பட்டு வந்துள்ளது. மண்ணைத் திருத்தியதோடு, அதைக் காக்கும் தலைமுறையையும் உருவாக்க முனைந்ததே அதன் சிறப்பு.

ஆகவே இந்த ஜமாஅத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: மக்தப் மதரஸா மாணவ மாணவியரை ஆண்டுக்கு ஒருமுறை தொல்காப்பியப் பூங்காவிற்கோ பள்ளிக்கரணைக்கோ உரிய அனுமதி பெற்று அழைத்துச் செல்வோம். ஓடும் ஆற்றிலும் ஒளூவுக்கு நீரை வீணாக்கக் கூடாது என்ற போதனையை அவர்கள் நீர்நிலையின் கரையிலேயே கற்கட்டும்.

இரண்டு: நிக்காஹ் விருந்துகளில் ஒருமுறை எறியும் பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம். குர்பானிக் கழிவுகளும் வீடு இடித்த கட்டடக் கழிவுகளும் கால்வாயில் விழாமல், மாநகராட்சியின் ஏற்பாட்டில் சேர்வதைக் கமிட்டி கண்காணிக்கட்டும்.

மூன்று: மனை வாங்குமுன் பத்திரத்தோடு வருவாய்த்துறைப் பதிவையும், நீர்வழி, சதுப்பு நில எல்லைகளையும் சரிபார்க்க, ஜமாஅத்தின் வழக்கறிஞர்களும் பொறியாளர்களும் கொண்ட ஆலோசனைக் குழு அமைப்போம். ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு தண்ணீரில் போகாமல் காப்பதும் ஸதகாவே.

நான்கு: சென்னைப் பெருநகருக்கு 2008-இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஐ எல்லையாகக் கொண்டது. அடுத்த திட்டத்திற்கு மக்கள் கருத்துக் கேட்கப்படும்போதெல்லாம், சதுப்பு நிலங்களும் அவற்றின் நீர்வழிகளும் கட்டடமற்ற பகுதிகளாக இருக்க வேண்டும் என்று, பிற சமயத்துச் சகோதரர்களோடும் குடியிருப்போர் சங்கங்களோடும் இணைந்து மனு அளிப்போம். வெள்ளத்திற்குப் பின் சோறு பொட்டலம் வழங்குவதில் நம் இளைஞர்கள் முன்நிற்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்! வெள்ளத்திற்கு முன் மனுவோடு நிற்பதும் அதே சேவைதான்.

பள்ளிவாசல் சொத்தை விற்கவோ அழிக்கவோ நாம் இசைவதில்லை. அது வருங்காலத்தாருக்கும் உரியது. கழுவெளியும் அவ்வாறே நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.