பெயர் எழுதும் பேனா
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடியற்காலையில் பெரட்டுக்கு நிற்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் நம் பெயர் செக்ரோலில் இருக்கிறது. கூப்பிட்டால் வேலை உண்டு. பெயரே எழுதாத பெரட்டு ஒன்று இருந்தது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம்.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில், 1934-க்கு முன், கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர்கள் இருட்டோடு கரையோரத் தெருவில் வந்து கூடுவார்கள். ஆள் எடுப்பவன், நம் வழக்கில் சொன்னால் கங்காணி, 'நீ வா, நீ வா' என்று பொறுக்குவான். அவனுக்குச் சாராயப் புட்டியோ பணமோ கொடுத்தவனுக்கு முதலிடம். வேலை கிடைத்தவன் சில வேளை 24 மணி நேரம் ஓயாமல் தூக்குவான். கிடைக்காதவன் வெறுங்கையோடு வீடு திரும்புவான். காலையில் போன புருஷன் காலையிலேயே திரும்பினால் அந்த வீட்டு அடுப்பு என்னவாகும் என்பதை இங்குள்ள தாய்மார்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

1934 மே 9-இல் மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜூலை 5-இல் சான் பிரான்சிஸ்கோவில் போலீஸார் சுட்டு இருவர் மாண்டனர். பிறகு அந்நகரமே நான்கு நாள் பொது வேலை நிறுத்தம் செய்தது. ஹாரி பிரிட்ஜஸும் அவர் தோழர்களும் கூலி உயர்வும் கேட்டார்கள்தான். ஆனால் விடாப்பிடியாக நின்றது வேறொன்றுக்கு: ஆள் எடுக்கும் மண்டபம் சங்கத்தின் பொறுப்பில் வரவேண்டும். அக்டோபரில் நடுவர் தீர்ப்பு வந்தது. மணிக்கு 85 சென்ட் கூலி 95 ஆயிற்று. மண்டபத்தை இரு தரப்பும் சேர்ந்து நடத்துவது, ஆளை அனுப்பும் கிராணியைச் சங்கமே தேர்ந்தெடுப்பது என்றாயிற்று.

முறை எளிது. இதுவரை குறைந்த மணி நேரம் வேலை செய்தவன் முதலில் போவான். புட்டிக்கு அங்கே வேலையில்லை. கணக்கு எழுதிப் பழகிய நமக்கு இதன் அருமை நன்றாகவே புரியும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அப்பன் உழைத்த கரையில் மகனும் உழைத்தான். உறுப்பினர்கள் மகனுக்கும் தம்பிக்கும் சிபாரிசு செய்தார்கள். குடும்பத்துக்கு நல்லதுதான். ஆனால் போர்ட்லண்ட் கிளை 1964 வரை கறுப்பினத் தொழிலாளர்களை உறுப்பினராக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோ கிளையோ அதற்கு வெகு முன்பே சேர்த்துக்கொண்டது. ஒரே சங்கம், ஒரே மண்டப முறை!

இன்று காண்ட்ராக்டர் லாரியில் கொண்டுவந்து இறக்கும் ஆட்களின் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அவர்களில் பலர் வேறு நாட்டார், வேறு மொழியார். அவர்களையும் சேர்ப்பதா என்று சிலர் நம்மிடம் முணுமுணுத்தார்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதுவே முதல் விஷயம். ஒவ்வொரு டிவிஷன் பிரதிநிதியும் தம் பகுதியில் காண்ட்ராக்டில் வேலை செய்வோரின் பட்டியலோடு வரவேண்டும்.